தாளம் போட்ட கை

என் வலது கை ஒரு பொய்க்காரி. எங்காவது பாட்டுச் சத்தம் கேட்டால் போதும், என்னைக் கேட்காமலே தொடையில் தட்ட ஆரம்பித்துவிடும். ஒரு தட்டு, அப்புறம் விரல் எண்ணிக்கை, அப்புறம் ஒரு வீச்சு. பார்க்கிறவர்கள், "உங்களுக்கு நல்ல ஞானம் போலிருக்கிறதே" என்பார்கள். ஞானமாவது மண்ணாவது! என் மாமியார் கையைப் பார்த்துக் காப்பியடித்த கை அது.

ஐம்பதுகளில் புதுச்சத்திரத்தில் வெள்ளாமை பார்க்கும் காட்டுக்காரர் வீட்டிலிருந்து சேலத்து நூல்கடைக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். டாக்டர், வக்கீல் என்று மாமனாருக்குப் பெரிய சகவாசம். சபாவில் இரண்டாம் வரிசை நாற்காலி. போன மறுநாளே கேட்டார், "கச்சேரியெல்லாம் கேப்பியா அம்மிணி?" அதுவரை நான் கேட்டதெல்லாம் கல்யாண மேளமும் எழவு வீட்டு ஒப்பாரியும்தான். "ரொம்ப இஷ்டமுங்க மாமா" என்றேன். நாக்குக் கூசவில்லை. பட்டிக்காட்டுப் பெண் என்று யாரும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம், வேறென்ன! அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரிடமும், "எங்க மருமகளுக்குச் சங்கீதம்னா உசுரு" என்று அவர் சொல்லத் தொடங்கினார். அதற்கப்புறம் பின்வாங்க முடியுமா?

சபாவில் அத்தை பக்கத்தில் உட்காருவேன். அத்தை என்று நான் கூப்பிட்டது மாமியாரைத்தான். ஓமலூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். அவர் கை தொடையில் விழுந்த பிறகு என் கை விழும். அவர் தலையாட்டினால் நானும் ஆட்டுவேன். ஒருநாள் பாட்டு முடிந்து பாடகர் தண்ணீர் குடிக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறோம். முன்வரிசையில் இருந்த டாக்டர் வீட்டம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ரசனையில் மெய்மறந்துவிட்டோம் என்று நினைத்தாராம்.

அந்த டாக்டர் வீட்டம்மா எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், தெருவில் ஒரு சாவு போயிற்று. பெண்கள் ஒப்பாரி சொல்லி அழும் சத்தம். அவர் முகத்தைச் சுளித்து, "இதைக் கேட்டாலே எனக்குத் தலைவலி" என்றார். "எனக்கும்தானுங்க" என்றேன். அந்தப் பொய்யை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் என் அம்மா எங்கள் ஊர்களில் பேர்போன ஒப்பாரிக்காரி. கூலிக்கு அழுகிறவள் அல்ல. யார் வீட்டில் சாவு என்றாலும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள். செத்தவர் நட்ட மரம், வெட்டிய கிணறு, வளர்த்த மாடு எல்லாம் அவள் பாட்டில் வந்துவிடும். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போய்ப் போய், எனக்கும் அது மனப்பாடம். ஆனால் வீட்டில் வாய்விட்டுப் பாடக்கூடாது. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் சாவைக் கூப்பிட்ட மாதிரி. தாய்க்கு மகள் பாட ஒரே ஒரு நாள்தான் உண்டு. பெற்ற மகள் வந்து முதல் அடி எடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அதுதான் எங்கள் முறை.

அம்மா ஒரே ஒரு முறை சேலத்துக்கு வந்தாள். கூடத்தில் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏனம்மிணி, இந்த இழுவை இழுக்கறானே, ஆரு போயிட்டாங்க?" என்றாள். "சும்மா இரும்மா, யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க" என்று பல்லைக் கடித்தேன். "செரி சாமி" என்று அடங்கிவிட்டாள். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரு சாவுக்கெல்லாம் நான் பாடிப்போட்டேன். நான் போறன்னைக்கு நீ ரண்டு அடி பாடிப்போடு, போதும்" என்றாள். "என்ன பேச்சும்மா இது" என்றேன். "பாடறேன்" என்று சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசியில் அம்மா போய்விட்டாள். காரில் போய் இறங்கினோம். மாமனார், அத்தை, என் வீட்டுக்காரர், மரியாதைக்காகக் கூடவே டாக்டர் வீட்டம்மாவும். நான் உள்ளே நுழைந்ததும் பெண்கள் அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்கள். முதல் அடி நெஞ்சுக்குழி வரை வந்தது.

கெணத்து மேட்டு வேம்பாட்டம்
நெழலு குடுத்தவளே, என்னப் பெத்தவளே...

வாசற்படியில் அத்தையும் டாக்டர் வீட்டம்மாவும் நின்றிருந்தார்கள். நான் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டேன். அவ்வளவுதான். எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் பெரியம்மா பொறுக்கமாட்டாமல் என்னையே பாட்டில் வைத்து எடுத்தாள். "பட்டணத்துக்குப் போன மக பாட்ட மறந்துட்டாளே..." அதைக் கேட்டும் உட்கார்ந்திருந்தேன். பாவி நான், கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவை எடுத்துவிட்டார்கள்.

எட்டு வருஷம் கழித்து அத்தை படுக்கையில் விழுந்தார். மாமனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பழைய வழக்கப்படி அத்தைக்குப் பிடிக்குமே என்று சாயங்காலக் கச்சேரிக்கு ரேடியோவைத் திருப்பி வைத்தேன். "அதைய நிறுத்தியுடு அம்மிணி" என்றார். "எனக்கு அது ஒரு எழவும் புரியாது. உங்க மாமாவுக்காகப் போனேன். டாக்டரூட்டம்மா கையப் பாத்துத் தட்டுவேன்."

"நான் உங்க கையப் பாத்துத் தட்டுனனுங்க அத்தை."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் மெல்லச் சொன்னார். "உங்கம்மா செத்தன்னைக்கு நீ எடுப்பீன்னு பாத்துட்டே நின்னேன். எங்கம்மாளுக்கு நான் பாடுல சாமி. பெரிய ஊட்டு மருமக பாடப்படாதுன்னு உங்க மாமா சொல்லிப்போட்டாரு. நீ எடுத்திருந்தா நானும் கூட ஒக்காந்து அழுதிருப்பேன்."

யாருக்கெல்லாம் பயந்து வாயை மூடினேனோ, அவர்களில் ஒருவர் என் வாய் திறக்கத்தான் காத்து நின்றிருக்கிறார்.

அந்த மாசமே அத்தையும் போனார். சேலத்து வீட்டுக் கூடம் நிறைய வக்கீல்களும் டாக்டர்களும். நான் தலைமாட்டில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்துப் போட்டேன். வேம்பு வந்தது, கிணற்று மேடு வந்தது, களைக்கொத்து வந்தது. ஓமலூர்க்காரருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாடி முடித்தபோது தொண்டை கட்டிவிட்டது. டாக்டர் வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமியாருக்கு இப்படி அழுத மருமகளை நான் பார்த்ததே இல்லை" என்றார். அழுகை அத்தைக்குத்தான், பொய்யில்லை. பாட்டு மட்டும் வேறொருத்தியுடையது. அவள் அதைக் கேட்காமலே போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்று ஒரு நாள்தான் இந்தக் கை தொடையை விட்டு நெஞ்சில் அடித்தது. இப்போது பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ பாடுகிறார்கள். கை தட்ட ஆரம்பித்துவிட்டது. இடது கையால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.