ஆமைக்கு விட்ட பொட்டு

எனக்கு ஆமையிலை பெரிய பாசமெண்டு ஆரும் நினைக்கக்கூடாது. நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்திலை கத்திப்போட்டு வாறவளுக்கு ஒரு தேத்தண்ணியிலையும் கட்டிலிலையும்தான் பாசம். ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலை நாங்கள் இருக்கிற இடம் அப்பிடி. மேற்கிலை ஒரு குளம், கிழக்கிலை ஒரு குளம், நடுவிலை ஏழு வளவு. மாரி தொடங்கினால் மேற்குக் குளத்து ஆமையள் வெளிக்கிட்டு, எங்கடை பின்வளவுகளாலை ஊர்ந்து கிழக்குக் குளத்துக்குப் போகும். கீரிக்கும் உடும்புக்கும் அதுதான் வழி. முதல் வளவு எங்கடை.

கிளுவை வேலி இருந்த காலத்திலை இதைப்பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. வேலியெண்டால் அடியிலை ஓட்டை மாதிரி ஒரு பொட்டு இருக்கும். நாய் போகும், கோழி போகும், ஆமையும் போகும். பிறகு வெளிநாட்டிலை இருக்கிறவை சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தரா மதில் கட்டிச்சினம். வழி தெரியாத ஆமை ஒண்டு பலாலி றோட்டாலை சுத்திப் போகப் பாத்து பஸ்ஸிலை நசிஞ்சு போச்சு. அதைக் கண்ட நாளிலை இருந்து என்ரை வாய் சும்மா கிடக்கேல்லை. வீடு வீடாப் போய், மதில் அடியிலை ஒரு சாண் பொட்டு விடுங்கோ எண்டு கெஞ்சினன்.

ஐயோ, அந்த அலைச்சல்! ஒருத்தர் பாம்பு வரும் எண்டார். இன்னொருத்தர் ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டார். உண்மையான பயம் என்னவெண்டு கிளாக்கர் ஐயாதான் சொன்னார். அவர் அரசாங்கக் கச்சேரியிலை வேலை பாத்து பென்சன் எடுத்தவர், நடு வளவுக்காரர்.

“பிள்ளை, இண்டைக்கு ஆமைக்குப் பொட்டு விட்டால் நாளைக்கு ஆக்கள் அதாலை பாதை கேப்பினம். எல்லை வழக்கிலை தேய்ஞ்ச சனமெல்லோ நாங்கள்.”

அதுக்கு மருந்தும் அவரே கண்டுபிடிச்சார். ‘இந்தப் பொட்டு ஊர்ந்து போற சீவன்களுக்கு மட்டும், மனிசர் எவரும் இதைக் காட்டிப் பாதை உரிமை கேக்கேலாது’ எண்டு ஒரு கடிதம் எழுதினார். ஏழு வீட்டாரும் கையெழுத்து வைச்சம். காணி உறுதி எழுதிற நொத்தாரிசிட்டைக் கொண்டுபோய்ச் சீலும் குத்துவிச்சம். உந்த மூளை எனக்கு ஏன் முதலே வரேல்லையெண்டு என்னையே ஏசினன்.

மேசன் வந்து ஏழு மதிலிலையும் பொட்டு உடைச்சான். மாதத்திலை ஒரு ஞாயிறு எல்லாருமாச் சேந்து பொலித்தீன் பையளையும் போத்தல் ஓடுகளையும் பொறுக்கினம். ஒரு மாரி, ஒரேயொரு மாரி, ஆமையள் தடையில்லாமல் போச்சுதுகள். கிளாக்கர் ஐயா குடையோடை நிண்டு, “கெதியாப் போங்கோடா, உங்களுக்குச் சீல் குத்திக் கிடக்கு” எண்டு கலைச்சார். நான் விழுந்து விழுந்து சிரிச்சன்.

பிழை அந்தச் சீலிலைதான் இருந்தது. எங்கடை ஒழுங்கையிலை பாதிக் காணியளின்ரை உறுதி வெளிநாட்டிலை இருக்கிறவையின்ரை பேரிலை. ஆரோ கடிதத்தைப் படமெடுத்து அனுப்பிப்போட்டினம். கனடாவிலை இருந்து என்ரை அண்ணை போன் எடுத்தார். எங்கடை வீடு ரெண்டு பேரின்ரை பேரிலையும்.

“நீ எதிலையடி கையெழுத்து வைச்சனி?”

“ஆமைக்கு, அண்ணை.”

“ஆமைக்கு ஆரடி நொத்தாரிசிட்டைப் போறது? உன்ரை தலையிலை நல்லா மிளகாய் அரைச்சுப்போட்டாங்கள்.”

வெறும் பொட்டெண்டால் அவர் கேட்டும் இருக்கமாட்டார். பயப்படாதேங்கோ எண்டு எழுதின கடிதம்தான் பயத்தைக் கிளப்பினது. அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தாலை வாறன், எங்கடை பொட்டை அடைச்சுப் பூசியும் போட்டான் மேசன்.

“அண்ணை போனிலை சொன்னவர், ரீச்சர். நான் என்ன செய்ய?” எண்டான்.

முதல் வளவே பூட்டினாப் பிறகு மற்றவைக்கு என்ன? “ரீச்சர் வீட்டிலையே அடைச்சாச்சு” எண்டு சொல்லிச் சொல்லி ஒவ்வொண்டா அடைச்சினம். அந்தச் சொல்லுத்தான் எனக்கு நெஞ்சிலை குத்தினது. கிளாக்கர் ஐயா மட்டும் அடைக்கேல்லை. ரெண்டு பக்கமும் மதில், நடுவிலை ஒரு பொட்டு. அதாலை ஆர் போறது? என்ரை மதிலை மட்டும் உடைச்சும் பிரயோசனமில்லை. திரும்ப வீடு வீடாப் படி ஏறிக் கெஞ்ச எனக்குச் சீவனும் இல்லை.

இந்த மாரி முதல் மழைக்கு அடுத்த நாள் காலமை, பின் மதிலுக்கு வெளியிலை நாலு ஆமை மண்ணைக் கீறிக்கொண்டு நிண்டதுகள். அள்ளி வாளியிலை போட்டன். ஒண்டு வாளிக்குள்ளை கொள்ளேல்லை, அதைக் கையிலை தூக்கிக்கொண்டு ஒழுங்கையாலை கிழக்குக் குளத்துக்கு நடந்தன். முழங்கால் உளைஞ்சு உயிர் போச்சு. கிளாக்கர் ஐயா தன்ரை வாசல் படலையடியிலை கண்டுபோட்டு வாளியை வாங்கினார்.

குளக்கட்டிலை நிக்கேக்கை போன் அடிச்சுது. அண்ணை.

“மழையாமே. பொட்டும் அடைச்சாச்சு, இப்ப நிம்மதிதானே?”

“ஓம் அண்ணை” எண்டன். மற்றக் கையிலை ஆமை காலை உதறிக்கொண்டிருந்தது.