அம்மா என் பாயில் உட்கார்ந்தபோது

அலுவலகம் விட்டு மட்டாஞ்சேரி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். பின்பக்கத்துச் சின்ன அறையிலிருந்து பதில் வந்தது.

"கிட்ட வராதே. நான் தூரம்."

அந்த அறை என்னுடையது. மாதவிலக்கு நாட்களில் களமசேரிக்கு வேலைக்குப் போய்வரலாம். வீடு திரும்பினால் அங்கேதான் இருக்க வேண்டும். அம்மாவோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டுத் தோற்ற விஷயம் அது. எனக்கு நின்றுபோய் ஒரு ஓணம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதவை நான் திறக்கவே இல்லை.

இப்போது திறந்தேன். என் பாயில், என் தட்டையும் சொம்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து அம்மா உட்கார்ந்திருந்தாள். அறுபத்தெட்டு வயது. திரும்பியபோது முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது.

"இந்த வயசுல என்னம்மா இது?"

"நோக்கு நின்னுடுத்தோல்லியோ? அது இங்க வந்துடுத்து."

டாக்டரிடம் போகலாம் என்றேன். தூரத்தோடு யாராவது ஆஸ்பத்திரிப் படி ஏறுவார்களா என்று என்னையே அதட்டினாள். நாலாம் நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, எல்லாம் நின்றுவிட்டது, இனி எதற்கு டாக்டர் என்றாள். அடுத்த மாதமும் அப்படியே. சொல்லிவைத்தாற்போல் வந்தது, சொல்லிவைத்தாற்போல் நின்றது. எங்கள் வீட்டு ஆசாரம் அந்த ரத்தத்துக்கும் தெரிந்திருந்தது. நான் படித்தவள்தான். ஆனாலும் குளிக்கும்போது என் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். என்னுடையதுதான் அவளிடம் போய்விட்டதோ?

மூன்றாவது மாதம் பாயில் அவளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

"தொடாதேடீ!"

"தொட்டாச்சு. இப்ப நானும் தீட்டுதான். ரெண்டு பேருமா சேர்ந்தே போலாம், வா."

கையில் எலும்புதான் அகப்பட்டது. இவ்வளவு இளைத்திருக்கிறாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆட்டோ பிடித்துச் சுள்ளிக்கல்லில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். கர்ப்பப்பையில் புற்று. கர்ப்பப்பையைத் தாண்டியும் போய்விட்டது.

"எத்ர நாளாயி, அம்மே?" என்று கேட்டார்.

மூன்று மாதம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். மூன்று மாதத்தில் இவ்வளவு தூரம் பரவியிருக்காது என்று அவர் தலையசைத்தார். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"மூணு வருஷமா இருக்கு," என்றாள்.

ஒரே வீட்டில் இருக்கும் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே கேட்டேன். பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்கிற கூச்சத்தோடு, மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப நோக்கும் இருந்துதேடீ. ரெண்டு பேரும் ஒதுங்கிட்டா சாதம் ஆரு வடிப்பா? நோக்கு நின்னப்பறந்தான் நேக்கு உக்கார முடிஞ்சுது."