காணாமல் போன ‘அண்ணே’

தை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. காலைக் காபியைக் கையில் எடுத்திருப்பேன்... வாசலில் பாண்டி.

பாண்டி எங்கள் தெருக்காரர். போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுகிறார். நாற்பதை நெருங்குகிறார். கல்யாணம் ஆகவில்லை.

“சார், நர்ஸ் மல்லிகாவுக்கு எம்மேல கோவம் போல. ஏன்னு தெரியல.”

மல்லிகா மேலே ஒரு எஸ்டேட் மருந்தகத்தில் வேலை பார்க்கிறார். பக்கத்து ஊரான சிலமலைப் பெண். கணவர் இறந்த பிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறார். தினமும் பாண்டியின் ஜீப்பில்தான் மலையேறுவார்.

“திட்டினாங்களா?”

“இல்ல சார். எப்பவும் எறங்கும்போது ‘வர்றேண்ணே’ன்னு சொல்லும். இந்த வாரம் பூரா வெறும் ‘வர்றேன்’. அண்ணேயக் காணோம்!”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஒரு சொல்லைத் தொலைத்துவிட்டு ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாத முகம் அது.

எழுதுகிறவன் என்றால் சொற்களுக்கெல்லாம் வைத்தியம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை... என்ன செய்ய? எப்போதோ படித்த அமைப்பியல் மொழியியல் கைகொடுத்தது. அதன் அடிப்படை எளிமையானதுதான். சொல்லின் ஒலிக்கும் அதன் பொருளுக்கும் ரத்த சொந்தம் கிடையாது — ஊர் கூடி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. எந்தச் சொல்லுக்கும் தனியாக நின்றால் பொருள் இல்லை. பக்கத்துச் சொற்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதில்தான் பொருளே பிறக்கிறது. ‘அண்ணே’ என்றால் என்ன? தம்பி இல்லை, மாமா இல்லை, மச்சான் இல்லை. அவ்வளவுதான்!

சரி, சொல்லாமல் விட்டால்? அதுவும் ஒரு சொல்தான்.

“மத்தவங்கள எப்படிக் கூப்பிடுறாங்க?” என்று கேட்டேன்.

யோசித்தார். “டீக்கடைக்காரர அண்ணேங்குது. பஸ்சு கண்டக்டர, செக்போஸ்ட்டுக்காரர... எல்லாரும் அண்ணேதான்.”

“கோவம்னா உங்கள ‘டிரைவரு’ன்னு கூப்பிட்டிருக்கலாமே? வேற எதையும் வைக்கல. உங்களுக்கு மட்டும் அந்த இடத்தக் காலியா விட்டிருக்காங்க.”

பாண்டிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

“நீங்க அவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?”

“...தங்கச்சின்னு.”

மறுநாள் எனக்கு மலைமேல் போடிமெட்டில் ஒரு வேலை. (வேலை என்று ஒன்றை நானே உண்டாக்கிக்கொண்டேன்!) ஜீப்பில் பெண்களுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்தேன். சிலமலை பஸ்சில் வந்து இறங்கிய மல்லிகா ஜீப்பை நோக்கி வந்தார்.

“பாத்து ஏறு...” என்று தொடங்கிய பாண்டி அப்படியே நின்றார். வழக்கமாக அடுத்து வரும் சொல் வரவில்லை.

“பாத்து ஏறுங்க, மல்லிகா.”

படியில் வைத்த காலோடு மல்லிகா நின்றுவிட்டார். ஏலக்காய் எடுக்கப் போகும் அக்கா ஒருவர் கேட்டார்:

“ஏப்பா பாண்டி, தங்கச்சிய எங்கப்பா தொலைச்ச?”

மொத்தப் பேரும் சிரித்தார்கள். மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆனால் ஒரு சொல் இடம் மாறினால் பக்கத்துச் சொற்களும் மாறியாக வேண்டுமே! பாண்டியைக் கட்டிக்கொள்கிறேன் என்று மல்லிகா வீட்டில் சொன்னதும் அண்ணன் வெடித்துவிட்டார். “ஊரே கேக்க அண்ணேன்னு கூப்ட்டவன இப்பக் கட்டிக்கிறேங்குற? கேக்குறவன் சிரிக்க மாட்டான்?”

மல்லிகா சத்தம் போடவில்லையாம். “கண்டக்டரையுந்தான் அண்ணேங்குறேன். அவரு எங்கூடப் பொறந்தவரா? பொறந்தது நீ ஒருத்தன்தான். அதான் உங்கிட்ட வந்து கேக்குறேன்.”

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து தங்கையோடு பேச்சே இல்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சாப்பாடு... மாதக்கணக்கில் ஒரு சொல் கிடையாது. கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று மல்லிகா ஒருநாள் அழுததாகப் பாண்டி சொன்னார். நிறுத்தவில்லை.

போன வாரம் போடியில் ஒரு கோயிலில் எளிமையாகக் கல்யாணம். அண்ணன் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தாலி கட்டி முடித்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். மல்லிகா பயந்துபோய்ப் பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் தங்கையைப் பார்க்கவில்லை. பாண்டியைப் பார்த்துத்தான் சொன்னார்:

“மாப்ளே... வெரசா வாங்க. வண்டி நிக்குது. நம்ம வீட்லதான் சாப்பாடு.”

மல்லிகா விம்மி விம்மி அழுதார்.

‘மாப்ளே’ என்ற சொல்லுக்குச் ‘சம்மதம்’ என்றொரு பொருளை எந்த அகராதியும் இன்னும் போடவில்லை!