உம் கொட்டக் கூடாது

முகத்தைச் சும்மா வைத்திருப்பதற்கு எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நம்புங்கள், சம்பளத்தோடு. பேராதனைப் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் ஆய்வு உதவியாளராக இருந்த காலம் அது. பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களின் பேச்சுத் தொடர்பாடல் திறனை எப்படி அளப்பது என்பதுதான் ஆய்வு. தமிழ் பேசுகிறவர்களைத் தமிழிலேயே அளப்பது. ஒருவர் உள்ளே வருவார், தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை ஐந்து நிமிடம் சொல்வார், அது ஒலிப்பதிவாகும். எதிரே உட்கார்ந்திருக்கும் பரீட்சகர் தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது. முக்கியமாக, உம் கொட்டக் கூடாது.

இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பழகினோம். எனக்குக் கழுத்து சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. எதிரே இருந்தவர், கடுகண்ணாவை ஏற்றத்தில் தன் மோட்டார் சைக்கிள் செயின் அறுந்த கதையைச் சொன்னார். "ஐயையோ!" என்றுவிட்டேன். ஆய்வை நடத்திய பேராசிரியை பின்னால் நின்றிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து பல வருடமாகியும் தன் ஊர்ப் பேச்சில் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்காதவர்.

"பிள்ளை, உமக்கு வாய் சும்மா இராதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. இரண்டாம் நாள் முடிவில் அந்தக் கூட்டத்திலேயே நான்தான் முதலாள். பல் வலியே வந்திருந்தாலும் என் முகத்தில் தெரிந்திருக்காது.

பேராசிரியை வீம்புக்கு அந்த விதியை வைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "தெரிஞ்ச ஆக்களின்ர பிள்ளையெண்டா தலையாட்டித் தலையாட்டிக் கேப்பினம். தெரியாத பிள்ளையெண்டா முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பினம். நானும் அப்பிடி நீட்டின முகங்களுக்கு முன்னால பேசி வந்தனான். அதாலதான் ஒருத்தருக்கும் ஆட்ட வேண்டாம் எண்டு வைச்சனான்," என்றார். நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. நானும் நீட்டின முகங்களைப் பார்த்து வந்தவள்தானே.

ஆனால் உம் என்பது என்ன? எங்கள் அம்மா கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன் எடுப்பார். இரண்டு வசனத்துக்கு நான் உம் சொல்லாவிட்டால் போதும், "ஹலோ, ஹலோ, இருக்கியா இல்லியா?" என்று கத்துவார். அந்த உம்மிலும் எத்தனையோ இருக்கிறது. 'மேலே சொல்லு' என்று ஓர் உம், 'அடப் பாவமே' என்று ஓர் உம், 'புளுகாதே' என்று ஓர் உம், 'அடுப்பில் சோறு இருக்கிறது, சீக்கிரம் முடி' என்று ஓர் உம். சொல்கிறவர் அதைக் கேட்டுத்தான் கதையை நீட்டுவார், சுருக்குவார், விளங்கவில்லையென்றால் திருப்பிச் சொல்வார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பரீட்சை நாளில் பரீட்சகர் கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

அன்று வந்தவர்களில் ஒரு பெண், கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். இருபத்தைந்து வயது இருக்கலாம். இந்தப் பரீட்சை ஆய்வுக்கு மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். பாடநெறிக்கான புள்ளியும் இதில்தான். பேச்சில் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் நிரந்தர நியமனம் இல்லை. அவளுக்கு அது தெரியும். உட்கார்ந்ததும் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு நல்ல கம்பீரமாகத்தான் தொடங்கினாள்.

"காலைக்கூட்டம் நடந்துகிட்டு இருந்துச்சு மிஸ். தேவாரம் பாடிகிட்டு இருக்கோம். அப்பப் பாத்து வேலிப் பக்கமா ஒரு காட்டுப்பன்னி வந்துருச்சு."

நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். மனுசராய்ப் பிறந்த யாரும் 'பன்னியா! அப்புறம்?' என்று கேட்கும் இடம் அது. நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

"பன்னி மிஸ். காட்டுப்பன்னி."

நான் அசையவில்லை.

"பெரிய பன்னி..."

தூக்கியிருந்த கை மடியில் இறங்கிவிட்டது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். குரலை மாற்றிக்கொண்டு, பாடப் புத்தகத்தை வாசிப்பதுபோல, "ஒரு பன்றி வந்தது. நாங்கள் பயந்தோம். பின்னர் அது சென்றுவிட்டது. நன்றி," என்று எழுந்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் இரண்டுகூட ஆகவில்லை. நான் தாளை எடுத்துப் புள்ளி போட்டேன். சரளம், இரண்டு. தொடர்ச்சி, ஒன்று. கேட்பவரைக் கருத்தில் கொள்ளல், ஒன்று. ஒவ்வொன்றும் ஐந்துக்கு. சட்டப்படி எல்லாம் சரி. அவள் ஃபெயில்.

மத்தியானம் கென்டீனுக்குப் போனேன். ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நடுவில் அவள். அதே பன்றி. "ம்", "ஐயோ", "அடியே, பிள்ளைங்க எங்க?" என்று சுற்றியிருந்தவர்கள் கேட்கக் கேட்க, அவள் பிள்ளைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் ஏற்றிவிட்டாள், தகரத்தைத் தட்டினாள், பன்றி பாடசாலை அதிபரின் அறைக்குள் புகுந்து சாப்பாட்டுப் பார்சலோடு வெளியே வந்தது. மேசையே குலுங்கிச் சிரித்தது. நான் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 'கேட்பவரைக் கருத்தில் கொள்ளல், ஒன்று' என்று எழுதிய கை இதுதானே என்று என் மேலேயே அப்படியொரு ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் பதிவுகளைக் கேட்க எல்லோரும் கூடினோம். பேராசிரியை அந்தப் பதிவைப் போட்டார். "கேளுங்கோ, பரீட்சகர் ஒரு சத்தமும் போடேல்ல. இப்பிடித்தான் இருக்கவேணும்," என்று என்னைக் காட்டினார். மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாராட்டாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், அந்தப் பிள்ளைக்குப் பேசத் தெரியும். எனக்குத்தான் கேக்கத் தெரியல."

"நீர் விதிப்படிதான் கேட்டனீர்."

"விதிப்படி கேட்டா யாரால பேச முடியும்? நேத்து நீங்க போன்ல பேசினப்ப எத்தன தடவ 'ஓம், ஓம், பிறகு?'ன்னு கேட்டீங்க? அத நிப்பாட்டியிருந்தா அந்தப் பக்கம் இருந்தவங்க போன வச்சிருப்பாங்க."

பேராசிரியையின் முகம் சிவந்தது. "அது வீட்டுக் கதை. இது அளவை. நாளைக்கு இவ வகுப்பில நிக்கேக்க நாப்பது பிள்ளையளும் உம் கொட்டிக்கொண்டு இருக்குங்களோ?"

"கொட்டாட்டி அது வகுப்பா மேடம்?" என்றேன்.

அன்று பின்னேரம் அறைக்குப் போகும் குண்டசாலை பஸ்ஸை விட்டுவிட்டு அலுவலகத்திலேயே இருந்துவிட்டேன். வெறும் புள்ளித்தாள் ஒன்றை எடுத்தேன். பரீட்சார்த்தி என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். சரளம், பூச்சியம். தொடர்ச்சி, பூச்சியம். எதிரே இருப்பவரைக் கருத்தில் கொள்ளல், பூச்சியம். பேச்சு என்றால் இரண்டு பேர் வேண்டும், நாம் ஒருவருக்குத்தான் புள்ளி போட்டிருக்கிறோம், மற்றவர் ஃபெயில் என்பதால் இந்தப் பரீட்சை செல்லாது, மறுபரீட்சை வையுங்கள் என்று ஒரு கடிதமும் எழுதி இரண்டையும் பேராசிரியையின் மேசையில் வைத்தேன்.

மறுநாள் கூப்பிட்டார். தாள் கையில் இருந்தது.

"இதை நான் மேல அனுப்பினா, உம்மட பேரை ஆய்வறிக்கையில போடேலாது. ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கமாட்டினம். யோசிச்சனீரோ?"

"யோசிச்சேன். அனுப்புங்க."

"வீம்பு பிடிச்ச பிள்ளை," என்றார். தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். "மறுபரீட்சை வைப்பம். ஆனா நானே இருப்பன். அதே விதி. ஒரு சத்தமும் வராது. அதுக்குப் பிறகும் அவ பேசாட்டி நீர் வாயைத் திறக்கப்படாது."

அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன், நல்ல பாடம். "எனக்கு யாரும் பாவம் பாக்கத் தேவையில்ல மிஸ்," என்றாள். பாவம் இல்லை, பிழை என் பக்கம் என்றேன். "அப்ப வர்றேன். ஆனா எப்படிப் பேசணும்னு மட்டும் சொல்லித்தராதீங்க," என்று வைத்துவிட்டாள். நானும் சொல்லித்தரவில்லை. எனக்கு என்ன தெரியும்!

மறுபரீட்சை நாளில் நான் உள்ளே இருக்கக் கூடாது. அறைக்கு வெளியே விறாந்தையில் நின்றேன், யன்னல் திறந்துதான் இருந்தது. இதிலும் தோற்றால் அவளுக்கு அடுத்த வாய்ப்பு இல்லை.

"மறக்க முடியாத ஒரு சம்பவத்தைச் சொல்லவும்," என்று பேராசிரியை தாளிலிருந்து வாசித்தார்.

"போன மாசம் இதே ரூம்புல, இதே கதிரையில உக்காந்திருந்தேன் மேடம்."

நிறுத்தினாள். சத்தமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கேக்குறீங்களா மேடம்?"

சத்தமில்லை.

"இல்ல மேடம், நீங்க ஒண்ணும் சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும், வெளங்குதா இல்லையான்னு? வெளங்கலன்னா வேற மாதிரி சொல்வேன். என் வகுப்புல ஒரு பிள்ள பேசாம இருந்தா, அத விட்டுட்டு நான் அடுத்த பாடத்துக்குப் போறதில்ல. இப்பவும் போகமாட்டேன். நேரம் போனாப் போகட்டும்."

போனது. சுவர்க் கடிகாரம் ஓடுவது விறாந்தைக்குக் கேட்டது. அவள் அசையவில்லை போலும், கதிரைச் சத்தம்கூட இல்லை. பிறகு பேராசிரியை தொண்டையைச் செருமினார்.

"விளங்குது. சொல்லும் பிள்ளை."

அவ்வளவுதான், மடை திறந்தது. "என் முன்னால ஒரு மிஸ் இருந்தாங்க மேடம். கோயில் செலகூட அப்படி இருக்காது. செலைக்கு முன்னால அழுதாலாவது மனசு லேசாகும்."

"ம்."

"வீட்டுக்குப் போயி மூணு நாளு எனக்குப் படிப்பிக்கப் பயமா இருந்துச்சு. வாயத் தொறந்தா பிள்ளைங்க எல்லாம் அந்த மிஸ் மொகத்தோட பாக்குற மாதிரி..."

"பிறகு?" என்றார் பேராசிரியை.

ஐந்து நிமிடம் தாண்டியும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் வெளியே வந்து, யன்னலோரம் நின்ற என்னைப் பார்த்தார். "அவ பாஸ். இந்தப் பதிவை ஆய்வில சேர்க்கேலாது, நானே பழுதாக்கிப்போட்டன். உம்மட பேரும் வராது, அதுவும் சொன்னபடிதான்." சரி மேடம் என்றேன். அந்த அறிக்கை பிறகு வெளிவந்தது. நான் வாங்கிப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு அவள் வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. என் முன்னால் வந்து நின்றாள்.

"கேட்டுச்சா மிஸ்? அஞ்சு நிமிசமும் உங்களத்தான் திட்டினேன்."

"முழுசாக் கேட்டேன்," என்றேன். "நல்லாத் திட்டினீங்க."