நாபா ஆற்றங்கரையில் இரண்டு வேன்

கிட்டே வந்து உட்காருங்க. வேன் ஓட்டுகிற தொழிலில் இடுப்பு வலிக்கு மாத்திரை உண்டு; பக்கத்து வேன் நிரம்புவதைப் பார்க்கிற வலிக்குக் கிடையாது. எதிரே போட்டிக் கடை வந்தவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

சனிக்கிழமைதோறும் சான்டா கிளாராவிலிருந்து நாபாவுக்கு நம் ஆட்களைக் கூட்டிப்போகிறேன். ஆற்றங்கரை ஊர், சுற்றிலும் திராட்சைத் தோட்டம், தெருவுக்குத் தெரு ஒயின் ருசி பார்க்கிற கடை. அதே ரூட்டில் தூத்துக்குடி கிரேஸியும் ஓட்டுகிறாள். அவள் வேனில் ஒரு சீட் காலியாக நான் பார்த்ததில்லை.

தண்ணீர் குடித்த இருவர்

ஒரு தடவை மதுரைப் பெரியவரையும் அவர் மாப்பிள்ளையையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டேன். ஆளுக்கு நாலு கிளாஸ் வந்தது. பழக்கமில்லை என்றார் மாமனார். தனக்கும் அப்படித்தான் என்றார் மாப்பிள்ளை. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் தண்ணீர் குடித்தார்கள். கிளம்பும்போது பெரியவர் என் காதோரம் வந்தார்.

"டிரைவர், அந்தம்மா வேன்ல அடுத்த வாரம் இடம் இருக்குமா?"

முட்டி வலி

கிரேஸி என்னதான் செய்கிறாள் என்று ஒளிந்து நின்று பார்த்தேன். மாமனாரிடம், மாப்பிள்ளைக்கு ஆபீஸ் கால் வந்திருக்கிறது என்கிறாள். மாப்பிள்ளையிடம், மாமாவுக்கு முட்டி வலி, ஆற்றங்கரையில் உட்காரட்டும் என்கிறாள். அப்புறம் இவரை ஒரு கடையில், அவரை வேறு கடையில் விட்டுவிடுகிறாள். திரும்பும்போது வாசனை போக எல்லாருக்கும் ஏலக்காய்.

இவ்வளவுதானா என்று நானும் இறங்கினேன். நாலு வருஷமாக என் வேனை மட்டுமே நம்பி வந்த இன்னொரு குடும்பத்திடம்தான் முதலில் முயன்றேன். மாமாவுக்கு முட்டி வலி என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அந்த மாப்பிள்ளையே எலும்பு டாக்டர் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஆற்றங்கரை பெஞ்சில் மாமனாரை உட்கார வைத்து, வேட்டியை ஒதுக்கி, காலை மடக்கி நீட்டிச் சாயங்காலம் வரை பார்த்தார். பெரியவர் வேனில் ஏறும்போது சொன்னது:

"என் முட்டி நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்க இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

அடுத்த மாதத்துக்கு அந்தக் குடும்பம், சம்பந்தி வீட்டாரோடு பத்துப் பேர், கிரேஸியிடம் சீட் சொல்லிவிட்டது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

என் மாப்பிள்ளை

அந்த வாரமே டெக்சாஸ் காப்பெலிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். என் வேன் மெக்கானிக்கிடம். வீட்டுக்காரி என்னைக் கேட்காமல் கிரேஸி வேனில் நாலு சீட் சொல்லிவிட்டாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன்.

ஆற்றங்கரையில் கிரேஸி வந்து, மாப்பிள்ளைக்கு ஆபீஸ் கால் என்றாள். சனிக்கிழமைகூட பிள்ளையை விடமாட்டேன் என்கிறார்களே என்று மனசார வருத்தப்பட்டேன். மூன்றாவது கிளாஸில்தான் உறைத்தது. திரும்பும்போது மாப்பிள்ளை, முட்டி எப்படி இருக்கிறது மாமா என்று கரிசனமாகக் கேட்டார். ஏலக்காய் மணத்தது.

இறக்கி விடும்போது கிரேஸி என் கையிலும் ஒரு பொட்டலம் ஏலக்காய் வைத்தாள்.

"அண்ணாச்சி, டாக்டர் வீட்டுப் பத்துப் பேரை நீங்களே ஏத்திக்கோங்க, நான் பேசிட்டேன். முட்டியைப் பத்தி மட்டும் வாயத் திறக்காதீங்க."

போன கூட்டத்தைத் திருப்பித் தந்து அந்த நல்ல பேரையும் அவளே வாங்கிக்கொண்டாள் பாருங்க, அதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.