பாத்துக்கச் சொன்ன மீன்

போன வாரம் வைத்திக்குப்பத்தில் ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பின்னே? கொசுவை ஒழிக்கக் கணக்குப் போடுவதுதான் அவர் வேலை. கொசுப்புழு தின்னும் குட்டி மீன்களை ஒரு கிணற்றில் எத்தனை விட்டால் கொசு எப்போது குறையும், யானைக்கால் நோய் எப்போது அடங்கும் - எல்லாவற்றையும் காகிதத்திலேயே சொல்லிவிடுவார். எங்கள் வீட்டுக் காலண்டரின் பின்பக்கம்கூட ஈக்வேஷன்தான். கொசுவின் ஆயுசு தெரியும். எங்கள் கல்யாண நாள் மட்டும் மறந்துபோகும்!

அவர் கணக்குப்படி அந்தக் கிணற்றில் புழுவே இருக்கக்கூடாது. ஆனால் நெளிகிறதே! மீன்களோ... கொழுகொழுவென்று சுற்றுகின்றன.

"இன்னா சார், புள்ளைங்க நல்லாத்தானே இருக்குது?" என்று வந்தார் அஞ்சலை. கிணற்றுக்கு எதிர்வீடு, மீன் வியாபாரம். கையில் ஒரு கிண்ணம் பழைய சோறு.

எனக்கு விளங்கிவிட்டது.

"சோறா போடறீங்க?" என்று அலறினார் இவர்.

"நீங்கதானே சார், மீனைப் பாத்துக்கோம்மான்னு சொல்லிட்டுப் போனீங்க? பாத்துக்கச் சொன்னா பட்டினியா போடுவாங்க?"

இவர் கண்காணிக்கச் சொன்னார். ஆனால் ஒருவர் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு 'பாத்துக்கோ' என்றால் நாம் என்ன செய்வோம்? வயிறு நிறைந்த மீன் புழுவை ஏன் தேடப்போகிறது?

புழு கொசுவாகும், கொசு நோயைக் கொண்டுவரும் என்று இவர் எடுத்துச் சொன்னதும் அஞ்சலையின் முகம் மாறிவிட்டது. வீங்கிப்போன தன் இடது காலைப் புடவையை இழுத்து மூடினார். வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த மகளின் கால்களைப் பார்த்தார்.

"ஐயோ, அவளுக்கும் நானே தேடி வச்சிருப்பேனே!"

இவர் பதறிவிட்டார், பாவம். "தப்பு என்னுதும்மா. என் கணக்குல பாசத்துக்கு ஒரு எழுத்து விட்டுப்போச்சு. சேத்துடறேன்."

"அத சைபர்னு போட்டுக்குங்க சார். இனிமே ஒரு பருக்கை போட மாட்டேன். எம் பொண்ணு காலு நல்லா இருக்கணும்."

நேற்று மறுபடி போனோம். புழு நன்றாகவே குறைந்திருக்கிறது. இவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை! பக்கத்து வீட்டுப் பெண் பொரியோடு வந்தாளாம். அஞ்சலை சண்டை போட்டு விரட்டியிருக்கிறார்.

பேசிக்கொண்டே அஞ்சலையும் கிணற்றில் எட்டிப் பார்த்தார். அவர் நிழல் விழுந்ததும் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தன... சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

சைபராம்!