டிவியில் இருட்டிய களம்

என் கணவர் வரப்பில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்ட நேரம் பார்த்துக் குறுவை அறுப்பும் வந்து நின்றது. மனுஷர் படுத்த இடத்திலிருந்தே எல்லாரையும் படுத்தி எடுத்தார். கொல்லைக்குப் பின்னால் களத்தில் நெல் காய்கிறது. அதைப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கும்பகோணத்திலிருந்து வந்த என் தம்பி களத்தில் ஒரு கேமராவை மாட்டி, கூடத்து டிவியில் படம் தெரியும்படி செய்துவிட்டுப் போனான். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று என் உயிரை வாங்கினான்!

தூசிக்குப் பயந்து கூடத்து ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தோம். அவருக்கு வெயிலும் மழையும் டிவியில்தான். முதல் நாள் மத்தியானமே கத்தினார்.

"இருட்டிக்கிட்டு வருது! நெல்லை மூடச் சொல்லு!"

ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்கள் சோற்றுக் கையோடு வந்து தார்ப்பாயை இழுத்தார்கள். அண்ணாந்து பார்த்தால் பொட்டு மேகம் இல்லை. அதற்குள் அவரே போனில், "வெளுத்துடுச்சு, விட்டுடுங்க" என்றார்.

மறுநாளும் அதே கூத்து. அதற்கடுத்த முறை, அந்தப் பெண்களில் மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுபவர், இலையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"அண்ணனுக்குக் கால்லதான் அடின்னு நெனச்சேன்" என்றார். மற்றவர்கள் சிரித்த சிரிப்பு கூடம்வரை கேட்டது.

அவர் முகம் விழுந்துவிட்டது. களத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. அதன்பிறகு காபி கொடுத்தால் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். கத்தினபோதாவது திட்டலாம்; இப்போது எதைச் சொல்லித் திட்டுவது?

அடுத்த நாள் துணி உலர்த்திவிட்டுக் கண் கூச உள்ளே வந்தேன். டிவியில் களம் மங்கிக் கிடந்தது. இப்போதுதானே பார்த்தேன், பொரிகிற வெயில்! அந்நேரம் அக்கா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு படத்துக்குள் வந்தார். பளிச்சென்று வெளுத்தது. மேகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். "படம் அசையலன்னா டிவி அதுவா வெளிச்சத்தக் கொறச்சுக்கும்க்கா. செட்டிங்ஸ்ல நிறுத்திடு" என்று சிரித்தான். இதை அன்றைக்கே சொன்னால் வாய் வலிக்குமா?

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிமோட்டோடு மல்லுக்கு நின்றேன். மின் சேமிப்பு என்பதை நிறுத்தியும் மங்கியது. அதற்குக் கீழே 'ஆட்டோ டிம்மிங்' என்று இன்னொன்று ஒளிந்திருந்தது. அதையும் அணைத்தேன். பிறகு பைத்தியங்கள் மாதிரி நானும் அவரும் அசையாத நெல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மங்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் மறுபடி இருட்டியது. அவர் கத்தவில்லை.

"டிவியாத்தான் இருக்கும்" என்றார் மெதுவாக.

"டிவியும் இல்ல, கிவியும் இல்ல. நானே அணைச்சிருக்கேன்!" என்று ஓடினேன்.

"அண்ணன் சொன்னாராக்கும்?" என்று அக்கா கேட்டார்.

"ஆமா, எந்திரிங்க!"

தார்ப்பாயின் கடைசி மூலையில் கல்லை வைக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நெல் நனையவில்லை.

மறுநாள் காலை நல்ல வெயில். டிவியில் அக்கா தார்ப்பாய் ஓரமாக வந்து நின்றார். பிரிக்கவில்லை. கேமராவை அண்ணாந்து பார்த்து, பிரிக்கலாமா என்று கையை ஆட்டிக் கேட்டார்.

"பிரிங்க, பிரிங்க!" என்று இவர் கூடத்திலிருந்து கத்தினார். போன் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டார்; களத்துக்கு எப்படிக் கேட்கும்? அக்கா அவர் பதிலுக்காக அப்படியே நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் பிரிக்கச் சொல்கிறார் என்று சொல்லக் கொல்லைப்பக்கம் ஓடினேன்.